பாஸ்பேட் மலையின் எல்க் கணக்கு

மே மாதத்தின் கடைசி வாரம். தென்கிழக்கு ஐடஹோவின் மலை முகடுகளில் பனி உருகி, மண்பாதைகள் லாரி ஏறும் அளவுக்கு இறுகத் தொடங்கும் நாட்கள் இவை. புதிய சுரங்கத்துக்கு இடம் பார்க்கும் துளையிடும் வண்டிகள் ஆண்டின் முதல் வேலைக்கு மலையேறுவது இப்போதுதான். பெண் எல்க் மான்கள் கூட்டத்தை விட்டு விலகி, ஆஸ்பென் தோப்பும் சேஜ் புதர்வெளியும் சந்திக்கும் ஓரங்களுக்குத் தனியே போய்க் கன்று ஈனுவதும் இப்போதுதான். இருவருமே பனி விலகக் காத்திருந்தவர்கள். இருவருக்கும் வேண்டியது ஒரே சரிவு. அந்தச் சரிவில் மானுக்கு என்ன ஆகிறது என்று அளந்து பார்க்க மனிதர்கள் எடுத்த முயற்சிக்கு அரை நூற்றாண்டு வயதாகப் போகிறது. அந்த முயற்சி எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

வன உயிர்க் கணக்கெடுப்புகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில். மானின் கழுத்துப்பட்டையிலிருந்து வரும் புள்ளிகள், மரங்களின் வகை, சரிவின் திசை, ஓடைகள், சுரங்கக் குத்தகையின் எல்லைக்கோடு ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பேன். வீடு பொக்கடெல்லோவில். பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப். அப்பா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்த்தவர். மண்ணைத் தோண்டிப் பிழைக்கும் ஊரின் தாளம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆகவே சோடா ஸ்பிரிங்ஸ் போன்ற ஊருக்குள் நுழையும்போது எனக்குப் பகை உணர்ச்சி வருவதில்லை. அங்கே சுரங்கச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்தான் இலையுதிர் காலத்தில் துப்பாக்கியோடு எல்க் வேட்டைக்குப் போகிறார்கள். சுரங்கமும் மானும் ஒரே குடும்பத்தின் சோற்றில் கலந்திருக்கின்றன. இதை மறந்துவிட்டு எழுதினால் இந்த மலையின் கதை பாதிதான்.

எல்க் நம் கடமானின் தூரத்து உறவு. கடமானே பெரிய மான். எல்க் அதையும் மிஞ்சும். ஆண் எல்க் முந்நூறு கிலோவுக்கு மேல் வளரும். செப்டம்பரில் இணை சேரும். தாய் எட்டு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாகச் சுமக்கும். கன்று பதினைந்து கிலோ எடையில், முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு பிறக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு அதன் பாதுகாப்பு ஓட்டத்தில் இல்லை, அசையாமல் படுத்திருப்பதில்தான் இருக்கிறது. தாய் நஞ்சுக்கொடியைத் தின்று, கன்றை நக்கித் துடைத்து வாடையை அழித்துவிடும். பிறகு சற்றுத் தள்ளி நின்று மேயும். நாளுக்குச் சில முறை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டு விலகும். கரடியும் கொயோட்டியும் திரியும் காட்டில், தாய் பக்கத்திலேயே நின்றால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு மூன்று பொருள்கள் வேண்டும். கன்று ஒளிய இடுப்புயரப் புதர். தாய்க்குப் பால் ஊற இளம்புல். நடக்கும் தூரத்தில் தண்ணீர். மூன்றும் சேர்ந்த இடம் மலை முழுக்கக் கிடைத்துவிடாது. குளிர்காலப் பள்ளத்தாக்குக்கும் கோடைக்கால முகட்டுக்கும் நடுவே, வெயில் விழும் மிதமான சரிவுகளில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

அதே நடுச்சரிவுகளின் அடியில்தான் பாஸ்பேட் இருக்கிறது.

இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று பாஸ்போரியா என்று புவியியலாளர்கள் அழைக்கும் பாறை அடுக்கு. பின்னால் நிலம் மடிந்து நிமிர்ந்ததில் அந்த அடுக்கு நீண்ட முகடுகளின் பக்கவாட்டில் வெளியே தலைகாட்டியது. டி.ஏ.பி. மூட்டை பிரித்து வயலில் வீசிய எவருக்கும் பாஸ்பரஸின் அருமை தெரியும். பயிருக்கு அதற்கு மாற்றே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாண்ட்பீலியர் அருகே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் செல்வம் நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்ற அச்சத்தில், 1908 டிசம்பரில் அமெரிக்க உள்துறை இந்தப் பகுதியின் பாஸ்பேட் நிலங்களைத் தனியாருக்கு எழுதிக் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. 1920இல் வந்த கனிமக் குத்தகைச் சட்டம் வேறு வழி வகுத்தது. நிலம் அரசுடையதாகவே இருக்கும்; கனிமத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தோண்டிக்கொள்ளலாம். அதே ஆண்டு சோடா ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே கோண்டா என்ற சுரங்கக் குடியிருப்பு எழுந்தது. 1946இல் ஃபோர்ட் ஹால் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள் கே சுரங்கம் திறந்தது. 1952இல் மான்சாண்டோ நிறுவனம் சோடா ஸ்பிரிங்ஸில் தனிம பாஸ்பரஸ் ஆலையைத் தொடங்கியது. மான்சாண்டோவின் கிளைபோசேட் களைக்கொல்லிக்கான பாஸ்பரஸ் அங்கிருந்துதான் போயிற்று. உலையிலிருந்து கொட்டும் உருகிய கசடு இரவில் செக்கச் செவேலென்று ஒளிர்வதை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். முதல் முறை அதைப் பார்த்தபோது அப்பாவைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது.

இந்த மலைகளின் பழைய உரிமைக்காரர்கள் ஷோஷோனி, பானக் மக்கள். 1868இல் கையெழுத்தான ஃபோர்ட் பிரிட்ஜர் உடன்படிக்கை, ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே ஆள் குடியேறாத அரசு நிலங்களிலும் அவர்கள் வேட்டையாடலாம் என்று உறுதி தந்தது. நூறாண்டுக்குப் பின்னும் அந்த உறுதி செல்லுமா என்று வழக்கு நடந்தது. 1972இல் டின்னோ வழக்கில் ஐடஹோ உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எல்க் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசும்போது இந்த உடன்படிக்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்க் இங்கே வெறும் காட்சிப்பொருள் இல்லை. எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமையின் உள்ளடக்கம் அது. மான் இல்லாத மலையில் வேட்டை உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மான் இல்லாமல் போகும் நிலை ஒருமுறை வந்தும்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் பல்லுக்காகவும் வரைமுறையின்றிச் சுட்டதில் ஐடஹோவின் பல பகுதிகளில் எல்க் அருகிவிட்டது. 1910களின் நடுவிலிருந்து யெல்லோஸ்டோனில் பிடித்த எல்க்குகளை ரயில் பெட்டிகளில் ஏற்றி வந்து மாநிலத்தில் விட்டார்கள். 1938இல் ஐடஹோ வாக்காளர்கள் தாங்களே மனுப் போட்டு, தாங்களே வாக்களித்து, மாநில மீன்-வேட்டை ஆணையத்தை உருவாக்கினார்கள். அரசியல்வாதிகள் கையிலிருந்து வேட்டை நிர்வாகத்தைப் பறித்து, எண்ணிப் பார்த்து முடிவு செய்பவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எல்க் கணக்கெடுப்பு அரசின் அன்றாட வேலையானது அப்படித்தான்.

தொடக்கத்தில் அந்தக் கணக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடியது: எத்தனை? எத்தனை இருக்கின்றன என்று தெரிந்தால் எத்தனை சுடலாம் என்று சொல்லலாம். குளிர்காலத்தில் பனி விழுந்து எல்க்குகள் தாழ்நிலத்தில் கூட்டமாக நிற்கும்போது வானத்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளைப் பனியில் பழுப்பு உடல், எண்ண வசதி. நூறு பெண் எல்க்குக்கு எத்தனை கன்றுகள் பிழைத்திருக்கின்றன என்ற விகிதமும் எடுப்பார்கள்.

அந்தக் கணக்கின் ஓட்டைகளை அடைக்கப் பாடுபட்டதும் ஐடஹோக்காரர்கள்தான். 1970களின் நடுவில் மைக் ஷ்லெகல் வடமத்திய ஐடஹோவில், பிறந்து சில நாளே ஆன கன்றுகளுக்கு ரேடியோ மாட்டி அவை எப்படிச் சாகின்றன என்று தேடினார். பெரும்பாலும் கருங்கரடி என்று தெரிந்தது. அதுவரை கன்றுச் சாவுக்குக் குளிரையும் தீவனக் குறைவையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. பின்னர் மைக்கேல் சாமுவேல், எட்வர்ட் கார்ட்டன் ஆகியோரோடு ஷ்லெகலும் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. ரேடியோ மாட்டிய எல்க் எங்கே நிற்கிறது என்பதை முன்பே அறிந்துகொண்டு, வானிலிருந்து எண்ணுபவர் அதைப் பார்க்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்று சோதித்தார்கள். சிறு கூட்டம் கண்ணுக்குத் தப்புகிறது. அடர்ந்த மர நிழலில் நிற்பது தப்புகிறது. எவ்வளவு தப்பும் என்பதற்கு ஒரு வாய்பாடு போட்டு, கண்ட எண்ணிக்கையோடு காணாததையும் சேர்த்துச் சொன்னார்கள். கண்ணில் படாததற்கும் பொறுப்பேற்கும் கணக்கு அது. அந்தக் கட்டுரையைப் பொக்கடெல்லோ பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

ஆனால் குளிர்காலக் கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் சுரங்கத்துக்குப் போதாது. ஜனவரியில் முகட்டின் மேல் பறந்தால் அங்கே ஒரு எல்க்கும் இராது. ‘இந்த இடத்தில் எல்க் இல்லை’ என்று எழுதினால் அது பொய்யும் ஆகாது. ஜூன் முதல் வாரத்தில் அதே முகட்டில் தாய்கள் ஆளுக்கொரு புதரில் கன்றை மறைத்துவிட்டு நிற்கும். எந்த வாரத்தில் போய்ப் பார்த்தோம் என்பதே விடையை முடிவு செய்துவிடும். அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது எண்ணை இல்லை, தேதியைத்தான்.

1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், அரசு நிலத்தில் பெரிய காரியம் எதுவும் செய்வதற்கு முன் அதன் பாதிப்பை எழுதிக் காட்ட வேண்டும் என்றது. பின்னர் உர விலை ஏறியது. தென்கிழக்கு ஐடஹோவில் புதிய சுரங்கங்களுக்கு வரிசையாக விண்ணப்பங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்காமல் வட்டாரம் முழுவதற்கும் ஒரே அறிக்கை தயாரித்தார்கள். இறுதி வடிவம் 1977இல் வந்தது. தோண்டினால் எல்க்குக்கும் மியூல் மானுக்கும் மூஸ் மானுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. விடை யாரிடமும் இல்லை. மாநில மீன்-வேட்டைத் துறையின் உயிரியலாளர் லான் கக்கும் அவருடைய சகாக்களும் அந்த விடையைத் தேடி இறங்கினார்கள்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது, துணிச்சலானது. சுரங்கம் வருவதற்கு முன்பே சுரங்கத்தின் சத்தத்தை மலைக்குக் கொண்டுபோனார்கள். கன்றுகளைக் கண்டுபிடித்து ரேடியோ மாட்டினார்கள். சிலவற்றின் அருகே சுரங்க இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள். சிலவற்றின் பக்கம் மனிதர்கள் நடந்து போனார்கள். சிலவற்றை எதுவும் செய்யாமல் விட்டார்கள். பிறகு ஒவ்வொரு கன்றும் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 1985இல் கக், ஹாம்ப்லண்ட், மெரில் மூவரின் பெயரில் வெளிவந்த முடிவு இது: தொந்தரவுக்கு ஆளான கன்றுகள் அதிக தூரம் நடந்தன, அதிகப் பரப்பில் அலைந்தன, ஊசியிலைக் காட்டுக்குள் ஒதுங்கின, எந்த வகைத் தாவரம், எப்படிப்பட்ட சரிவு என்று தேர்ந்தெடுக்கும் வழக்கம் அவற்றிடம் தளர்ந்துபோயிற்று. வழிவழியாகக் கன்று வளர்த்த இடங்களே கைவிடப்பட்டன.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். கன்றுகள் சத்தம் கேட்டுச் செத்துவிழவில்லை. மேலோட்டமாகப் படிப்பவர் ‘பெரிய பாதிப்பு இல்லை, இடம் மாறிக்கொள்கின்றன’ என்று சொல்லிவிடலாம். பிற்கால அறிக்கைகள் சிலவற்றில் அந்தத் தொனி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அசையாமல் கிடப்பதையே கவசமாகக் கொண்ட உயிர், பிறந்த சில வாரங்களில் நடக்க வைக்கப்படுகிறது என்றால் அதன் பொருள் என்ன? தாயின் பால் நடையில் செலவாகிறது. வாடையற்ற படுக்கையை விட்டு, வாடை தெரியும் பாதைக்கு வருகிறது. புல் குறைந்த ஊசியிலை நிழலில் தாய்க்குப் பால் ஊறுமா? இதெல்லாம் அந்த ஆண்டின் மரணக் கணக்கில் தெரியாமல் போகலாம். கொலராடோவில் கிரெகரி பிலிப்ஸும் வில்லியம் ஆல்ட்ரெஜும் பின்னால் இதையே வேறு முறையில் சோதித்தார்கள். கன்று ஈனும் காலத்தில் பெண் எல்க்குகளை மனிதர்கள் திரும்பத் திரும்ப நெருங்கி நடந்தபோது, கோடையில் தாயோடு திரியும் கன்றுகளின் விகிதம் குறைந்தது என்று 2000இல் எழுதினார்கள். நெருங்குவதை நிறுத்தியதும் விகிதம் மீண்டது என்பது 2005இல் வந்த தொடர் ஆய்வு. அந்த இரண்டாவது செய்தியில்தான் எனக்கு நம்பிக்கை. விட்டுவிட்டால் மீளும்.

இத்தகைய ஆய்வுகளின் பயனாகத்தான் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கன்று ஈனும் நிலத்தில் துளையிடாதே, சாலை போடாதே என்ற நிபந்தனைகள் மேற்கு மாநிலங்களின் அனுமதிப் பத்திரங்களில் வழக்கமாயின. ஆறு வார மௌனம். சுரங்கக்காரர்களுக்கு அது எரிச்சல்தான். மலையில் வேலை செய்ய முடிந்த காலமே ஆண்டில் சில மாதம், அதில் ஆறு வாரம் போனால் யாருக்குத்தான் வலிக்காது? அப்படியும் அந்த விதி பல இடங்களில் மதிக்கப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கன்று தேடும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், எழுபதுகளில் இந்த மலைகளில் கள வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். விடியலில் எதிர்ச் சரிவில் தொலைநோக்கியை வைத்துவிட்டு, கூட்டமாகத் தெரியும் எல்க்குகளைப் பார்க்காதே என்பார். தனியாக நின்றுகொண்டு, மேய்கிற மாதிரி மேய்ந்து, ஒரே புதர்த் திட்டைத் திரும்பத் திரும்பத் தலைதூக்கிப் பார்க்கும் தாயைத் தேடச் சொல்வார். அது பார்க்கும் திசையில் கன்று கிடக்கும். கிட்டே போக வேண்டியிருந்தால் கையுறை போட்டு, மனித வாடை ஒட்டாமல், சில நிமிடங்களில் வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். இப்போது இதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது. குளிர்காலத்தில் சினையாக இருக்கும் தாயின் பிறப்புறுப்புக்குள் ஒரு சிறு ஒலிபரப்பியை வைத்துவிடுகிறார்கள். கன்றோடு அதுவும் வெளியே விழும். உடல் சூட்டிலிருந்து குளிர்காற்றுக்கு வந்ததும் அதன் துடிப்பு மாறும். கன்று பிறந்த இடம் அந்த நேரமே தெரிந்துவிடும். ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டையும் உதவுகிறது. நாள் முழுக்க நடந்துகொண்டிருந்த தாயின் புள்ளிகள் திடீரென்று ஒரு திட்டில் குவிந்தால் அங்கே கன்று பிறந்திருக்கிறது என்று அறையில் உட்கார்ந்தபடியே ஊகிக்கலாம். மானுக்கும் அது நல்லது. ஆள் நடமாட்டம் குறைகிறது.

இந்தக் கதை இங்கே நின்றிருந்தால் எனக்கு எழுத வேண்டிய அவசியமே வந்திராது. இரைச்சல், நடமாட்டம், ஆறு வாரத் தடை. பிரச்சினை தெரிந்தது, பரிகாரமும் தெரிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் குதிரைகள் நோயில் விழுந்தன.

1996ஆம் ஆண்டின் கடைசி. டிரை வேலி பள்ளத்தாக்கில், ஒரு பழைய சுரங்கத்துக்குக் கீழே ஓடும் நீரோடையை ஒட்டி மேய்ந்த சில குதிரைகளுக்குச் செலினிய நஞ்சு என்று மருத்துவர்கள் கண்டார்கள். செலினியம் உடலுக்குத் துளியளவு வேண்டியதே. அளவு மீறினால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும், குளம்பு வெடிக்கும், கடைசியில் உயிர் போகும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பழைய சுரங்கங்களின் மண்மேடுகளிலும் அவற்றின் ஓரங்களிலும் மேய்ந்த ஆடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. மேய்ச்சல்காரர்கள் கண்ணெதிரே மந்தை சாய்ந்தது.

காரணம் பாறையின் அமைப்பிலேயே இருந்தது. பாஸ்பேட் கனிமம் மேலும் கீழுமாக இரண்டு அடுக்காக இருக்க, நடுவே கனிமம் குறைந்த கரும் களிப்பாறை அடுக்கு ஒன்று உண்டு. சுரங்கத்துக்கு அது வேண்டாத சரக்கு. வெட்டி எடுத்து வெளியே குவித்துவிட்டார்கள். பழைய கடலின் செலினியம் பெரும்பகுதி தங்கியிருந்தது அந்த நடு அடுக்கில்தான். பூமிக்குள் காற்றும் நீரும் படாமல் இருந்தவரை அது அசையவில்லை. வெளியே குவிந்து மழையும் பனிநீரும் பட்டதும் கரைந்து ஓடைக்குப் போயிற்று. வேர் வழியாகச் செடிக்கும் ஏறியது.

சட்டம் மீட்பு வேலை கேட்டது. ஆகவே மேடுகளைச் சமன்படுத்தி விதை தூவியிருந்தார்கள். தூவிய விதைகளில் அல்ஃபால்ஃபாவும் ஒன்று. கால்நடைக்கு மிகப் பிடித்த தீவனம். அதன் வேர் ஆழமாக இறங்கும். நடு அடுக்குக் கழிவுக்குள் இறங்கிய வேர் செலினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்தது. சுற்றிலும் புல் காய்ந்துகொண்டிருக்கும்போது மேடு மட்டும் பசேலென்று இருந்தது. எல்க் அங்கே மேய வந்தது. ‘மீட்கப்பட்ட நிலத்தை வன உயிர்கள் பயன்படுத்துகின்றன’ என்பது அந்தக் காலத்தில் வெற்றிக் கணக்கில் எழுதப்பட்டது.

இதை முதன்முதலில் படித்தபோது என் நெஞ்சில் ஏதோ இடறியது. சுரங்க ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பச்சை பிடித்த மண்மேடு என்றாலே ஒரு நிம்மதி. தோண்டிய காயம் ஆறுகிறது என்பதற்கு வேறு சாட்சி எங்களுக்கு வேண்டியதில்லை. இந்த மலையின் எல்க் கணக்கும் அந்த நிம்மதியோடுதான் எழுதப்பட்டது. கணக்கெடுத்தவர்கள் மானை விரட்டுவது எது என்று தேடினார்கள். விரட்டுவதைக் கச்சிதமாக அளந்தார்கள். மானை அழைப்பது எது என்று கேட்கவில்லை. சத்தம் இல்லாத, மனிதர் இல்லாத, பசுமையான, தாய்க்குப் பால் ஊறும் இடம் என்று எந்த அளவுகோலில் வைத்தாலும் பழைய மண்மேடு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதன் புல்லை மட்டும் யாரும் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

அறிவு இல்லாமலா? தெற்கு டகோட்டாவில் கால்நடைகளின் குளம்பை உதிர்த்த நோய்க்குச் செலினியமே காரணம் என்று 1930களிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில், வயல்களிலிருந்து வடிந்த செலினியத்தால் நீர்ப்பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பிறப்பது 1983இல் கண்டறியப்பட்டது. ஐடஹோவில் கன்றுகளுக்கு இரைச்சலை ஒலிக்கவிட்ட ஆய்வு வெளிவந்தது அதற்கு இரண்டே ஆண்டு கழித்து. கால்நடை மருத்துவர் ஓர் அறையில், மண் வேதியியலாளர் இன்னோர் அறையில், மான் எண்ணுபவர் வேறோர் அறையில் இருந்தார்கள். அந்த அறைகளுக்கு நடுவே கதவு திறக்க ஒரு குதிரையின் குளம்பு வெடிக்க வேண்டியிருந்தது. இதில் தனி மனிதர் யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த முறையைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு வேட்டைக்காரர்களிடமிருந்து எல்க் ஈரல் மாதிரிகள் வாங்கிச் சோதித்தார்கள். சுரங்கங்களுக்குப் பக்கத்தில் சுட்ட எல்க்குகளின் ஈரலில் செலினியம் கூடுதலாக இருந்தது. ஈரலைக் குறைத்து உண்ணும்படி மாநிலச் சுகாதாரத் துறை வேட்டைக் குடும்பங்களுக்கு அறிவுரை சொன்னது. 1868 உடன்படிக்கையை நம்பி இந்த மலையில் வேட்டையாடும் குடும்பங்களும் இதில் அடக்கம் என்பதை நினைக்காமல் என்னால் இந்த வரியைக் கடக்க முடியவில்லை. உரிமை காகிதத்தில் அப்படியே இருக்கிறது. ஈரல் தட்டுக்கு வருவதில் தயக்கம் வந்துவிட்டது. எல்க், மியூல் மான், மூஸ் ஆகியவற்றின்மேல் செலினியத்தின் விளைவை மதிப்பிட்டு 2003இல் ஓர் அறிக்கை வந்தது. எழுதியவர் அதே லான் கக். இருபது ஆண்டுக்கு முன் கன்றுகளின் காதருகே இரைச்சலை வைத்தவர், இப்போது அவற்றின் வயிற்றுக்குள் போனதைத் தேடினார். ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள் கேள்வி இவ்வளவு நகர்ந்திருக்கிறது.

புதிய சுரங்கங்களின் திட்டங்களில் மாற்றம் வந்திருக்கிறது. செலினியப் பாறையைத் திரும்பக் குழிக்குள்ளேயே போட்டு, நீர் புகாத விரிப்பையும் தடித்த மண்ணையும் மேலே இட்டு மூடுகிறார்கள். ஆழ வேர் விடும் செடிகளை விதைப்பதில்லை. பழைய சுரங்கங்கள் பலவற்றில் நச்சுக்கழிவுச் சட்டத்தின் கீழ்த் துப்புரவு வேலை நடக்கிறது. இருந்தாலும் சண்டை ஓயவில்லை. சோடா ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே கால்ட்வெல் கேன்யன் சுரங்கத்துக்கு 2019இல் கூட்டாட்சி நில நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஆய்வு போதாது என்று 2023இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கில் முன்னால் நின்றது எல்க் இல்லை, சேஜ் குரோஸ் என்ற தரைப்பறவை. வசந்தத்தில் அதுவும் ஒரே திடலுக்குத் திரும்பத் திரும்ப வந்து இணை தேடும் உயிர். இடத்தை விட்டுக்கொடுக்கத் தெரியாத உயிர்கள்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சிக்கு வந்து நிற்கின்றன.

முன்மொழியப்பட்ட ஒரு சுரங்கத்துக்கான எல்க் ஆய்வு என் மேசைக்கு வரும்போது, இந்த வரலாற்றை வைத்துத்தான் நான் அதைப் படிக்கிறேன். குளிர்காலப் பறப்பின் எண்ணிக்கை முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும். நான் மே, ஜூன் புள்ளிகளைக் கேட்பேன். ஓராண்டுப் புள்ளிகள் போதாது என்பேன், ஏனென்றால் பனி தாமதமாக விலகும் ஆண்டில் தாய்கள் கீழேயே ஈன்றுவிடும், வரைபடம் மாறிவிடும். எல்லைக்கோட்டுக்கு உள்ளே மட்டும் பார்த்தால் போதாது. சுரங்க வண்டி போகும் சாலையின் இரு பக்கமும் வேண்டும். இந்த நிலத்தில் வேட்டையாடும் ஷோஷோனி-பானக் குடும்பங்கள் தலைமுறையாக எங்கே தாய்களைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தால், கழுத்துப்பட்டை மாட்டிய சில மான்கள் சொல்லாததும் கிடைக்கும். பக்கத்து முகட்டில் முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் கைவிட்ட மேடு இருந்தால், அதன் புல்லின் செலினிய அளவும் அதே வரைபடத்தில் ஓர் அடுக்காக வர வேண்டும். புதிய சுரங்கத்தின் இரைச்சலுக்கு ஒதுங்கும் தாய் எந்தப் பக்கம் போகும் என்பது அப்போதுதான் பொருள்படும்.

இந்த ஆண்டு நான் போட்டுக்கொண்டிருக்கும் வரைபடத்தில் அந்தக் கடைசி அடுக்குக்கு எண்கள் இன்னும் வந்து சேரவில்லை. புல் மாதிரி எடுக்கும் வேலையும் கன்று ஈனும் கணக்கெடுப்பும் ஒப்பந்தத்தில் வேறு வேறு தலைப்பில், வேறு வேறு தேதியில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மாதிரி எடுக்க வேண்டிய மேடுகளின் பட்டியலையும், அங்கே ஜூன் மாதத்தில் குவிந்த எல்க் புள்ளிகளையும் அதோடு இணைத்திருக்கிறேன்.